உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு டீப்பாய்

பன்னிரண்டு கிலோ எடையுள்ள மேசையைச் செய்கிறவருக்குப் பன்னிரண்டு கிலோவைத் தூக்கும் திராணி இருக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் விதிக்கவில்லை. மேசை என்பது கடைசி நாளன்றுதான் மேசையாகிறது. அதுவரையில் அது நான்கு கால்களாகவும், நான்கு சட்டங்களாகவும், சில பலகைகளாகவும் தனித்தனியே கிடக்கிறதாதலால், அவற்றுள் மிகப் பெரிய துண்டு எதுவோ அதைக் கையாளும் சக்தி இருந்தால் போதும். அந்தத் துண்டு எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரமோ செய்கிறவரிடமே இருக்கிறது. முதுகு வலியால் குனிய முடியாதவர்கள், முடக்குவாதத்தால் விரல்கள் மடங்காதவர்கள், பக்கவாதத்துக்குப் பின் ஒரு கையை மட்டும் நம்பியிருப்பவர்கள், இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பியவர்கள், சக்கர நாற்காலியிலேயே நாளைக் கழிப்பவர்கள் ஆகியோரை உத்தேசித்து இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது. முந்தைய அத்தியாயங்களில் நீளம், அகலம், கனம் என்று மரத்தின் அளவுகளைப் பற்றியே பேசி வந்தோம். இங்கே செய்கிறவருடைய சரீரத்தையும் ஓர் அளவாக வரைபடத்தில் சேர்த்துக்கொள்ளப் போகிறோம்.

இந்த யோசனைக்கு நம் நாட்டிலேயே கௌரவமான பூர்வீகம் உண்டு. 1914-இல் பிறந்து, கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோரிடம் வளர்ந்த பால் பிராண்ட் என்ற மருத்துவர், மருத்துவம் பயிலுமுன் இங்கிலாந்தில் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திய பிறகு, நிமிர்ந்த கைகள் என்ன வேலை செய்து பிழைப்பது என்ற கேள்வி எழுந்தபோது, 1950-களின் தொடக்கத்தில் அவர்களுக்கென்று ஒரு சிறு குடியிருப்பை ஏற்படுத்தி, அங்கே ஒரு தச்சுப் பட்டறையையும் நடத்தி மரப் பொம்மைகள் செய்யக் கற்பித்தார். அங்கே அவர் கண்டறிந்த விஷயம் மருத்துவ உலகத்துக்கே பாடமாயிற்று: தொழுநோயாளியின் விரல் நோயினால் தானாகத் தேய்ந்து விழுவதில்லை, வலி தெரியாமையால் சிராய் குத்தியதையும், கைப்பிடி அழுத்திக் கொப்புளம் கண்டதையும் அறியாமல் வேலை செய்துகொண்டே போவதால்தான் கை நாசமாகிறது. ஆகையால் உபகரணங்களின் பிடிகளைக் கவனிப்பதும், வேலை முடிந்ததும் கைகளைக் கண்ணால் சோதித்துப் பார்ப்பதும் அங்கே வழக்கமாயின. அதே கல்லூரியைச் சேர்ந்த மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த ஒரு கார் விபத்தால் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். கை அறுவைச் சிகிச்சை உட்கார்ந்தபடியே செய்யக்கூடியது என்பதால் அதையே தேர்ந்துகொண்டு, சக்கர நாற்காலியிலிருந்தே சிகிச்சை செய்தார். பின்னர் அங்கே தொடங்கிய மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமையும் வகித்தார். உட்கார்ந்தபடி செய்யக்கூடியது எது என்று முதலில் கேட்டுக்கொண்டு, அதற்கேற்ற வேலையைத் தேர்வது அவர் மேற்கொண்ட முறை. டீப்பாய்க்கும் அது பொருந்தும்.

மரம் வாங்குவதற்கு முன் உங்கள் உடம்பை ஒரு வாரம் கவனித்துக்கொள்ளுங்கள். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு விடியற்காலையில் விரல்கள் விறைத்திருக்கும். அவர்கள் வெயில் ஏறிய பிறகு, காலை பத்து மணிக்குமேல் வேலையைத் தொடங்குவதே உசிதம். மூட்டு நோயாளிகளுக்கு வைத்தியர்கள் கூறும் ஒரு விதி மிகவும் பிரயோஜனமானது: ஒரு வேலை செய்து முடித்து இரண்டு மணி நேரத்துக்குப் பின்னும் வலி அதிகப்பட்டே இருந்தால், அன்று அளவுக்கு மீறி உழைத்துவிட்டோம் என்று அர்த்தம், மறுநாள் அந்த வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். இதற்காகவே சமையலறையில் பயன்படுத்தும் மணியடிக்கும் கடிகாரம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை மணி அடித்தவுடன், வேலை எவ்வளவு சுவாரஸ்யமாக இருந்தாலும், உளியைக் கீழே வைத்துவிடப் பழகுங்கள். வேலூரில் தொழுநோயாளிகள் கற்ற பாடம் இன்று நம் ஊர்களில் நீரிழிவு நோயாளிகளுக்கே அதிகம் தேவைப்படுகிறது. நெடுநாள் நீரிழிவினால் கால் விரல்களில், சில சமயம் கைவிரல்களிலும், உணர்ச்சி குன்றியவர்கள் வெறுங்காலோடு மரத்தூளும் ஆணியும் கிடக்கும் தரையில் நடக்கவே கூடாது. வேலை முடிந்த ஒவ்வொரு நாளும் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும். முதுகிலோ இதயத்திலோ அறுவைச் சிகிச்சை ஆனவர்கள், எவ்வளவு எடை தூக்கலாம் என்று தங்கள் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளட்டும். அதில் புத்தகத்துக்கு அதிகாரம் இல்லை.

இனி மேசையின் அளவு. கூடத்தில் சோபாவுக்கு முன் போடும் டீப்பாயின் உயரம் சோபா இருக்கையின் உயரத்துக்குச் சமமாகவோ ஓரிரண்டு அங்குலம் தாழ்வாகவோ இருப்பது பொதுவான வழக்கம். அதாவது 16 முதல் 18 அங்குலம். முதுகு வலியுள்ளவர் டம்ளரை எடுப்பதற்காக ஒவ்வொரு முறையும் குனிவது கஷ்டம் என்றால் 20 அங்குலமாக உயர்த்திக்கொள்ளலாம். பார்வைக்கு ஒன்றும் கெட்டுப்போகாது. சோபாவுக்கும் மேசைக்கும் நடுவே ஒன்றரை அடி விடுவார்கள். கைத்தடி ஊன்றி நடப்பவருக்கு இரண்டடியாவது வேண்டும். சக்கர நாற்காலி போகிற வழியானால் மூன்றடி. கால் பலவீனமானவர்கள் எழுந்திருக்கும்போது கைக்கு எட்டியதை ஊன்றிக்கொள்வது சுபாவம். ஆனால் டீப்பாய் அதற்காக ஏற்பட்டதன்று. ஓரத்தில் பாரத்தைப் போட்டால் அது வழுக்கும் அல்லது கவிழும். ஆதலால் மேற்பலகை கால்களைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அளவை நான்கு பக்கமும் இரண்டு அங்குலத்துக்குள் அடக்கிவிடுகிறோம். மூலைகளையும் உப்புத்தாளால் உருட்டிவிடுகிறோம். எழுந்திருக்க ஊன்றுகோலையோ சுவரில் பதித்த பிடியையோதான் நம்ப வேண்டும்.

இப்போது நாகரிகமாகக் கருதப்படுவது ஒரே பலகையாலான மேசை. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி எழும்பிய 1930-களில் அங்கே தங்கிப் பணியாற்றியவரும், பிற்காலத்தில் அமெரிக்காவில் பெரும் புகழ்பெற்ற தச்சுக் கலைஞரானவருமான ஜார்ஜ் நகாஷிமா, மரத்தின் இயற்கையான விளிம்பையும் வெடிப்பையும் அப்படியே விட்டு, வெடிப்பு மேலும் விரியாதபடி வண்ணத்துப்பூச்சி வடிவில் மரத்துண்டுகளைப் பதித்துச் செய்த மேசைகள் அழகின் உச்சம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் இரண்டு அங்குலக் கனமும் உள்ள ஒரு தேக்குப் பலகை ஏறக்குறைய 14 கிலோ இருக்கும். அதை இழைப்பதற்காகப் பத்து முறையாவது புரட்ட வேண்டியிருக்கும். நமக்கு அது வேண்டாம். நம்முடைய மேசையின் மேற்பகுதி, ஒன்றோடொன்று ஒட்டாமல் சிறு இடைவெளி விட்டுப் பதித்த நான்கு பலகைகளால் ஆனது; ஒவ்வொன்றும் 36 அங்குல நீளம், 4½ அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம். கன அடிக்குச் சுமார் 18 கிலோ எடையுள்ள தேக்கில் இந்தப் பலகை ஒன்றின் எடை ஒன்றே முக்கால் கிலோவுக்கு மேல் போகாது. இடைவெளி ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம். ஐப்பசி கார்த்திகை மழையில் மரம் ஊதுவதும் கோடையில் சுருங்குவதும் இயற்கையாதலால், ஒரே பலகையாயிருந்தால் அது இடம் கிடைக்காமல் முறுக்கிக்கொள்ளும். இங்கே ஒவ்வொரு பலகையும் தன் இடைவெளிக்குள் தானே ஊதிச் சுருங்கிக்கொள்கிறது. பலவீனமான கைக்காகச் செய்த ஏற்பாடு மரத்துக்கும் நல்லதாகவே அமைந்துவிடுகிறது.

கால்கள் இரண்டு அங்குலச் சதுரம், 16 அங்குல நீளம், நான்கு. கால்களை இணைக்கும் சட்டங்கள் மூன்று அங்குல அகலமும் ஓர் அங்குலக் கனமும் உடையவை. நீளவாட்டில் 30 அங்குலத்தில் இரண்டு, குறுக்கே 11 அங்குலத்தில் இரண்டு. இவை தவிர, மேற்பலகைகளைத் தாங்குவதற்கு ஓர் அங்குலச் சதுரத்தில் மூன்று பட்டைகள். எல்லாம் சேர்த்துக் கன அடியில் முக்காலுக்குச் சற்றுக் குறைவு. கழிவுக்கும் சேர்த்து 0.8 கன அடி என்று மரவாடியில் கேளுங்கள். தேக்கு வாங்க வசதியில்லாவிட்டால், மருந்தேற்றிப் பதப்படுத்திய ரப்பர் மரம் நல்லதே. தேக்கைவிடக் கனமும் இல்லை, விலையும் குறைவு. வேங்கை உறுதியானதுதான், ஆனால் கனம் அதிகம். கருவியையும் கையையும் ஒருங்கே சோதிக்கும். மாம்பலகை மலிவு, உளுத்துப் போகும் குணமுடையது, மருந்திடாமல் வாங்காதீர்கள்.

மரவாடியில் எதை அவர்களிடம் விடுவது, எதை நாம் வைத்துக்கொள்வது என்பதில் பலருக்கு வீண் மானம் குறுக்கிடுகிறது. அறுப்பதும் இழைப்பதும் நம் கையாலேயே நடந்தால்தான் மேசை நம்முடையது என்ற எண்ணத்தை நான் ஒப்பவில்லை. பெரிய பட்டறைகளிலேயே மரத்தை யந்திரம்தான் அறுக்கிறது, யந்திரம்தான் இழைக்கிறது. ஆசாரியின் கைத்திறன் அதன் பிறகே ஆரம்பமாகிறது. நம்முடைய அளவுக் காகிதத்தைக் கொடுத்து, எல்லாத் துண்டுகளையும் நீளத்துக்கு அறுத்து, நாலு பக்கமும் இழைத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஓர் அங்குலப் பலகை இழைத்து வரும்போது ஏழு நூல்தான் இருக்கும் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். திருகின் நீளத்தைத் தீர்மானிக்கும்போது அந்த ஒரு நூல்தான் பலகையின் மானத்தைக் காப்பாற்றப்போகிறது. காலையும் குறுக்குச் சட்டத்தையும் இணைக்கிற நான்கு மூட்டுகளில், காலில் துளை பொளித்துச் சட்டத்தில் நாக்கு அறுக்கும் வேலையையும் அங்கேயே ஓர் ஆசாரியிடம், “அண்ணாச்சி, நாக்கு அரை அங்குலக் கனம், ஓர் அங்குல ஆழம் இருக்கட்டும், இறுக்கமாக வேண்டாம், கையால் தள்ளினால் போகிற மாதிரி இருக்கட்டும்” என்று சொல்லி முடித்துக்கொள்வது நல்லது. நாக்கின் நீளத்துக்காக 11 அங்குலச் சட்டத்தை 13 அங்குலமாக அறுக்கச் சொல்ல மறக்கக் கூடாது. உளியை ஒரு கையால் நிறுத்தி மறு கையால் கொட்டாப்புளியை ஓங்குகிற வேலை, இரண்டு கையும் முழு பலமுமாக உள்ளவர்களுக்கு ஏற்பட்டது. துண்டுகளை வண்டியில் ஏற்றும்போதே நான்கைந்து சிறு கட்டுகளாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தபின் அவிழ்த்துப் பிரிப்பதைவிட அது சுலபம்.

வேலை செய்யும் இடத்துக்குப் புதிய பட்டறை மேசை ஒன்றும் தேவையில்லை. சாப்பாட்டு மேசையின் உயரம் பெரும்பாலும் 29, 30 அங்குலம்; நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கைக்குச் சற்றேறக்குறையச் சமமாக வரும்; சக்கர நாற்காலிக்காரர்கள் முழங்காலை உள்ளே நுழைக்க 27 அங்குலம் வெற்றிடம் வேண்டுமாதலால் அதற்கும் பொருந்தும். நம் ஆசாரிகள் தரையில் உட்கார்ந்து, கால்விரல்களால் பலகையைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிற அழகு பார்க்கத்தக்கது. சம்மணமிட்டு உட்காரவும் எழவும் சிரமமில்லாதவர்கள் அப்படியே செய்யலாம். ஆனால் கால் மரத்துப்போகும் நோயுள்ளவர்களுக்குக் கண்டிப்பாக ஆகாது.

ஒரு கையால் வேலை செய்பவர்களுக்கு இன்றியமையாத சாதனம் ஒன்று உண்டு. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இரும்பு வைஸ் நல்லதுதான். ஆனால் அதன் பிடியைத் திருகி இறுக்க விரல்களுக்கு வலு வேண்டும். அதைவிட எளிது ஆப்பு. இரண்டரை அடி நீளமும் ஒன்றரை அடி அகலமுமுள்ள ஒரு பிளைவுட் பலகையை எடுத்து, அதன் முன் விளிம்பின் அடியில் ஒரு சட்டத்தைத் திருகிவிட்டால், அது சாப்பாட்டு மேசையின் விளிம்பில் மாட்டிக்கொண்டு பின்னால் நகராமல் நிற்கும். பலகைக்கு அடியில் ஒரு ரப்பர் விரிப்பும் போட்டுவிட்டால் பக்கவாட்டிலும் அசையாது. மேற்புறத்தில் இரண்டு சட்டங்கள் பதிக்க வேண்டும். ஒன்று நேராக, மற்றொன்று எட்டு அங்குல நீளத்துக்கு ஓர் அங்குலம் சாய்வாக. அதே சாய்வில் ஓர் ஆப்பு அறுத்துக்கொள்ள வேண்டும். வேலைக்குரிய பலகையை நேர்ச்சட்டத்தோடு ஒட்டி வைத்து, அதற்கும் சாய்ந்த சட்டத்துக்கும் நடுவே ஆப்பைச் செருகி, கொட்டாப்புளியால் ஒரு தட்டுத் தட்டினால், டக்கென்று இறுகிக்கொள்ளும். ஆப்பின் மெல்லிய முனையில் எதிர்ப்பக்கமாக ஒரு தட்டு, விட்டுவிடும். அகலம் குறைந்த துண்டானால் நடுவே வேறொரு கட்டையை அண்டைகொடுத்துக்கொள்ளலாம். தளர்ந்த கையும்கூடச் செய்யக்கூடிய ஒரே தட்டில், அந்தப் பலகை இரண்டு ஆள் பிடித்தாற்போல நிற்கும். இந்தப் பிடிப்புப் பலகையைச் செய்துகொள்ளாமல் மேசையைத் தொடங்காதீர்கள் என்பது என் கண்டிப்பான அபிப்பிராயம்.

அளவெடுப்பதற்கு இழுத்தால் சுருண்டுகொள்ளும் டேப் இரண்டு கை கேட்கிற கருவி; ஒரு முனையை யாராவது பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதை ஒருபுறம் வைத்துவிட்டு, நம் பழைய வழக்கப்படி ஓர் அளவுக் குச்சி தயாரித்துக்கொள்ளுங்கள். 36 அங்குல நீளமான ஒரு பட்டையில், திருகு வர வேண்டிய இடம், சட்டம் வர வேண்டிய இடம் எல்லாவற்றையும் ஒரே முறை கோடிட்டுக்கொண்டால், பிறகு ஒவ்வொரு பலகையின் மீதும் அந்தக் குச்சியை வைத்துப் பென்சிலால் தொட்டுக்கொண்டே போகலாம். எண்ணைப் படித்து எண்ணை எழுதும் வேலையே இல்லை; பார்வை மங்கியவர்களுக்கு இதனால் இரட்டை லாபம்.

மின்சார யந்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மின்கலத்தால் இயங்கும் சிறிய டிரில், ஒன்று முதல் ஒன்றரை கிலோவுக்குள் கிடைக்கிறது. அதுதான் இந்த வேலைக்கு அவசியமான ஒரே யந்திரம். துளையிடும்போது முழங்கையை மேசை மேல் ஊன்றிக்கொண்டால், கை நடுக்கமுள்ளவர்களுக்கும் துளை நேராக விழும். வட்ட ரம்பம், அதிலும் இரும்பு அறுக்கும் கிரைண்டரில் மரம் அறுக்கும் தகட்டை மாட்டி ஓட்டும் வழக்கம், நம் ஊரில் பரவியிருக்கிறது; முழு ஆரோக்கியமுள்ள தொழிலாளிகளே அதனால் விரல்களை இழந்திருக்கிறார்கள்; பிடி தளர்ந்தவர்கள் அதைத் தொடக் கூடாது. சிறு துண்டு எதையாவது வீட்டில் அறுக்க நேர்ந்தால், தள்ளும்போது அறுக்காமல் இழுக்கும்போது அறுக்கிற ஜப்பானிய வகை ரம்பம் உத்தமம்; தகடு மெல்லியதாக இருப்பதால் மிகக் குறைந்த பலத்தில் அறுத்துவிடும். கருவிகளின் பிடி மெலிந்திருந்தால் பழைய சைக்கிள் டியூபை அதன் மேல் சுற்றிப் பருமனாக்கிக்கொள்ளுங்கள். மெல்லிய பிடியை இறுக்கிப் பிடிப்பதில்தான் விரல் மூட்டு அதிகம் வலிக்கிறது.

துண்டுகள் தனித்தனியே இருக்கும்போதே உப்புத்தாள் போடுவதையும் வார்னிஷ் பூசுவதையும் முடித்துவிட வேண்டும். மேசையைப் பூட்டிய பின் இந்த வேலையைச் செய்கிறவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து, படுத்து, அடிப்பக்கத்துக்குள் தலையை நுழைத்து அவஸ்தைப்பட வேண்டியிருக்கும். இப்போதோ ஒவ்வொரு துண்டும் கண்ணுக்கெதிரே பிடிப்புப் பலகையில் கிடக்கிறது. முதலில் 80-ஆம் எண், பிறகு 120, முடிவில் 220. ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்த கீறல் வார்னிஷுக்கு அடியில் நன்றாகத் தெரியும். உப்புத்தாளைக் கையால் மடித்துப் பிடிப்பது மூட்டுகளுக்குக் கெடுதல். உள்ளங்கையளவுக் கட்டை ஒன்றில் தாளைச் சுற்றி, கட்டையின் மேல் பழைய செருப்பு வாரைக் குறுக்கே ஆணியடித்து, அதற்குள் கையை நுழைத்துக்கொண்டால், பிடிக்காமலே தேய்க்கலாம். தோளின் எடையே வேலையைச் செய்யும். தேக்குத்தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறலையும் உண்டாக்கும். முகமூடி அணிந்துகொண்டு, தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

பூச்சு எது என்பதில், நம் வீட்டு வழக்கத்தை உத்தேசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பழைய பாலிஷின் மெருகு கண்ணைப் பறிப்பதுதான். ஆனால் கொதிக்கக் கொதிக்கக் காப்பி வைத்த டம்ளரை அதன் மேல் வைத்தால் வெள்ளை வளையம் பதிந்துவிடும். காப்பி வைப்பதற்கென்றே செய்கிற மேசைக்கு அதைப் பூசுவதில் அர்த்தமில்லை. பாலியூரித்தேன் வார்னிஷ் மூன்று கை, மெல்லியதாக, ஒவ்வொன்றும் ஓர் இரவு காய்ந்த பிறகு, ஜன்னல்களைத் திறந்துவைத்துக்கொண்டு பூசுங்கள். நாக்கும் துளையும் சேருகிற இடங்களில் வார்னிஷ் படக் கூடாது, படிந்தால் பசை பிடிக்காது. கால்களின் அடிப்புறத்துக்கு மட்டும் இரண்டு கை அதிகம். தினந்தோறும் வீடு துடைக்கிற ஈரம் அங்கேதான் ஏறும்.

பூட்டுவதை மேசை நிற்கப்போகிற இடத்திலேயே செய்வதுதான் என் முறையின் முக்கியமான பகுதி. சாப்பாட்டு மேசையில் கால்களையும் குறுக்குச் சட்டத்தையும் ஃபெவிகால் இட்டுச் சேர்த்து இரண்டு ‘பக்கங்கள்’ செய்துகொள்கிறோம்; பசைப் புட்டியைப் பிதுக்குவது கஷ்டமானால் சிறு கிண்ணத்தில் ஊற்றிப் பழைய பிரஷால் தடவலாம்; கயிற்றால் சுற்றி, கயிற்றுக்குள் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் போதிய இறுக்கம் கிடைக்கும்; ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட வேண்டும். ஒவ்வொரு பக்கமும் இரண்டு கிலோவுக்குள்தான். அவற்றைக் கூடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தி, நீளச் சட்டங்களை உட்புறமாக எல் வடிவ இரும்புப் பட்டைகளால் திருகிவிட்டால் மேசையின் கூடு எழுந்து நின்றுவிடுகிறது. குறுக்குச் சட்டங்களின் உட்புறத்தில் ஒவ்வொரு பட்டையும், நடுவில் ஒன்றும், சட்டங்களின் மேல் விளிம்போடு சமமாகப் பொருத்தியாயிற்றென்றால், நீங்கள் சோபாவில் உட்கார்ந்துகொண்டே மேற்பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கலாம்.

வழக்கமாக மேற்பலகையைக் கவிழ்த்துப் போட்டு அடியிலிருந்து திருகு முடுக்குவார்கள். அப்போது திருகு வெளியே தெரியாது என்பது மெய்தான். ஆனால் கடைசியில் முழு மேசையையும் தூக்கிப் புரட்ட வேண்டும். மேலிருந்து முடுக்கினால் புரட்டும் வேலையே இல்லை. திருகு தெரியுமே என்றால், தெரியட்டும். எட்டாம் எண் பித்தளைத் திருகுகள் 24, ஒரே வரிசையில் மின்னுவது பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது. நீளம் ஒன்றரை அங்குலம், அதாவது 12 நூல்: ஏழு நூல் பலகையைக் கடந்து, ஏழு நூல் பட்டைக்குள் ஐந்து நூல் இறங்கும், இரண்டு நூல் மிஞ்சும், முனை வெளியே எட்டிப் பார்க்காது. முதலில் ஒரு நூல் துளை போட்டு, பலகையின் பகுதியை மட்டும் சற்று அகலப்படுத்தி, துளையின் வாயைத் திருகின் தலை அமுங்கும்படி குடைந்துகொள்ள வேண்டும். டிரில் ஊசியில் எவ்வளவு ஆழம் போக வேண்டுமோ அந்த இடத்தில் வண்ண நாடா ஒட்டிவிட்டால், கண் அங்கேயே நிற்கும். பித்தளை மெத்தென்ற உலோகம். வன்மரத்தில் நேரே முடுக்கினால் தலை முறிந்து போகும். ஆகவே அதே அளவுள்ள ஓர் இரும்புத் திருகை முதலில் ஏற்றி இறக்கி, வழி உண்டாக்கிக்கொண்ட பிறகு, பித்தளைத் திருகின் மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து முடுக்குங்கள்; பாதி பலத்தில் உள்ளே போய்விடும். காந்தமுள்ள முனையை டிரில்லில் மாட்டினால் திருகு விழாமல் ஒட்டிக்கொள்ளும். ஒரு கைக்காரருக்கு அது மற்றொரு கை. பலகைகளுக்கு நடுவே இடைவெளி சரியாக வர, ஒரு நூல் கனமுள்ள அட்டைத் துண்டுகளைச் செருகிவைத்து, எல்லாம் முடிந்தபின் உருவிவிடலாம். ஒரே நாளில் 24 திருகையும் முடுக்கிவிட வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். நாளுக்கு ஒரு பலகை போதும்.

மேசை ஆடினால் பதற வேண்டியதில்லை. பெரும்பாலும் குற்றம் தரையினுடையது. ஆடுகிற காலுக்கடியில் ஒட்டும் ரப்பர் வில்லை ஒன்றை வைத்தால் நின்றுவிடும்.

வார்னிஷுக்குப் பதிலாக ஆளிவிதை எண்ணெய் பூசியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், அது தானே சூடேறித் தீப்பற்றிக்கொள்ளும்; ஓடி வந்து அணைக்க முடியாதவர்கள் வீட்டில் இது சாதாரண விஷயமன்று. துணியை உடனே தண்ணீரில் நனைத்து, வெளியே கொடியில் விரித்துப் போட்டு, காய்ந்து விறைத்த பிறகே குப்பையில் சேருங்கள். வார்னிஷ் தொட்டுப் பார்த்தால் காய்ந்ததாகத் தோன்றினாலும் உள்ளே இறுகச் சில நாட்கள் ஆகும். கடைசிக் கை பூசி ஒரு வாரமாவது ஆகாமல் சூடான டம்ளரை அதன் மேல் வைக்காதீர்கள். முதல் கோடை கழிந்ததும் மரம் சுருங்கித் திருகுகள் சற்றே தளர்ந்திருக்கும். சோபாவில் உட்கார்ந்தபடியே 24-ஐயும் ஒருமுறை கால் சுற்று இறுக்கிவிடுங்கள்.